தன் வாயால் தன்னைக் கூறல்

ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்தவுடன் நம் விடுதியின் மேன்மாடத்தில் ஒருவகைக் காய்ச்சல் பரவுவதை உடனுறையும் மாணவர் யாவரும் அறிவர். அது கொசுவால் வருவதன்று. பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய துறைகளில் முதுகலை வகுப்பின் இறுதியாண்டிலுள்ள அண்ணன்மார் சிலர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பம் அனுப்பும் பருவம் அஃது. டிசம்பர் 1 அல்லது 15 என்று நாள் குறித்துப் பல துறைகள் தம் வாயிலை அடைத்துவிடும். மதிப்பெண் பட்டியலைப் பற்றி அவர்கள் அஞ்சுவதில்லை. அது முன்னரே முடிந்த கதை. பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் ஆசிரியர் பொறுப்பு. விண்ணப்பக் கட்டணமோ வீட்டாரின் கவலை. அண்ணன்மாரை உறங்கவொட்டாது வருத்துவது, தம்மைப் பற்றித் தாமே எழுதவேண்டிய இரண்டு பக்கங்களே.

இவ்விரண்டு பக்கங்களை மாணவர் எஸ்.ஓ.பி. என்பர், தமிழில் நோக்கவுரை எனலாம். எப்பொருளை ஆராய விழைகின்றாய், அதற்கு இதுகாறும் நீ செய்த ஆயத்தம் யாது, எம்மிடத்துக்கு ஏன் வர விரும்புகின்றாய் என்பன அதன்கண் விடையிறுக்க வேண்டிய வினாக்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி போன்ற சில பல்கலைக்கழகங்கள் இவ்வளவில் அமையாது, நீ யார், எவ்வழி நடந்து இவ்விடம் வந்தாய் என வினவும் தன்வரலாற்றுரை ஒன்றையும் வேறாகக் கேட்கின்றன. நம் நாட்டில் அறிவியல் ஆய்வுக்குச் சேர நுழைவுத் தேர்வும் நேர்காணலுமே பெரும்பான்மை வழியாதலின், இத்தகைய எழுத்து நம்மவர்க்குப் பழக்கமன்று. அமெரிக்காவிலோ, ஜி.ஆர்.இ. என்னும் பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பதை 2020ஆம் ஆண்டையொட்டிப் பல அறிவியல் துறைகள் விட்டொழித்தன. அதனால் இப்பக்கங்களின் எடை முன்னினும் மிகுந்தது. அங்கே அறிவியலில் முனைவர் பட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் நீக்கப்படுவதோடு, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் கிடைக்கும். ஆதலின் வறிய வீட்டுப் பிள்ளைக்கு இவை வெறும் எழுத்தல்ல. ஐந்தாறு ஆண்டுகளுக்கு உணவும் உறையுளும் இவையே என்க.

இலக்கியம் கற்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். சென்ற ஆண்டு வரை எமக்கும் ஒரு வேலையும் இருந்ததில்லை. "தம்பி, நீ சொற்களோடு பழகுகிறவன். தமிழில் உருக்கமாக ஒன்று எழுதிக் கொடு; ஆங்கிலத்தில் பெயர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இரசாயனத் துறை அண்ணன் ஒருவர் எம் அறை வாயிலில் வந்து நின்றார். எமக்குப் பெருமிதம் தாங்கவில்லை. அறிவியலார் வந்து தமிழின் கதவைத் தட்டும் நாள் ஆண்டுக்கொரு முறையேனும் வாய்ப்பதில்லையன்றோ?

அவ்வண்ணனார் தருமபுரி மாவட்டத்தினர். அம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரிற் புளூரைடு அளவு மிஞ்சி நிற்பதும், அந்நீரைச் சிறுவயது முதற் பருகுவோர்க்குப் பற்களிற் பழுப்புக் கறை படிவதும், மிக்கவிடத்து எலும்பும் மூட்டும் இறுகி உடல் வளைவதும் பலரும் அறிந்தவை. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அப்பக்கத்து மக்களுக்குக் கொணர்ந்ததும் இத்தீங்கை நீக்குதற் பொருட்டே.

அண்ணனார் தம் முதுகலை ஆய்வுக்காக ஊர்ப்புறத்து வீடுகளின் குடத்து நீரைப் புட்டிகளில் அடைத்துக் கொணர்ந்து புளூரைடை அளந்தார். அளக்கும் கருவி லாந்தனம் புளூரைடுப் படிகம் பதித்த ஒரு மின்முனை. நீரில் தோய்த்தால் அது காட்டும் மின்னழுத்தத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். இதில் ஒரு விந்தை நேர்ந்தது. ஒரே கிணற்றிலிருந்து நீர் முகந்த இரண்டு வீடுகளில் ஒரு வீட்டு நீர் மிகுதியும், மற்றொரு வீட்டு நீர் குறைவும் காட்டின. கருவி பழுதென்று எண்ணி ஒரு மாதம், தம் கையே பழுதென்று எண்ணி ஒரு மாதம் கழிந்தன. கடைசியில், குறைவு காட்டிய வீடுகளிலெல்லாம் கலங்கல் தெளியக் குடத்தில் படிகாரம் கலக்கும் வழக்கம் உண்டென்பது, ஒரு வீட்டுத் திண்ணையிற் பேச்சுவாக்கில் வெளிப்பட்டது.

படிகாரத்தில் அலுமினியம் உண்டு. அது புளூரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும்; கருவியோ கட்டற்று நிற்கும் புளூரைடை மட்டுமே காணும். அக்கட்டை அவிழ்ப்பதற்கென்றே அளக்குமுன் ஒரு கரைசலைச் சேர்ப்பது முறை. அண்ணனார் தாம் கலக்கிய கரைசலில் அவிழ்க்கும் பொருளைத் தேவையில்லை என்று கருதி விட்டிருந்தார், பிழை அவருடையதே. முறைப்படி கரைசல் செய்து எல்லாவற்றையும் மீண்டும் அளந்தார். வேறுபாட்டிற் பெரும்பகுதி மறைந்தது; சிறுபகுதி மறையவில்லை. அது வண்டலோடு குடத்தின் அடியிற் படிந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

அதன்பின் அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. அலுமினியத்தோடு கட்டுண்டு வயிற்றுட் புகும் புளூரைடு, அங்குள்ள அமிலத்திற் கட்டவிழ்ந்து உடலிற் சேருமா? அன்றிச் சேராது கழிந்துவிடுமா? கருவியின் கண்ணுக்குத் தப்பியது எலும்பின் கண்ணுக்கும் தப்புமா? இக்கேள்வியை அவர் உணவுக்கூடத்து வரிசையில் தட்டேந்தி நின்றபடி எம்மிடம் சொன்னார். பின்னின்றவர்கள் எம்மைக் கடந்து போய்ச் சோறு வாங்கினர். அவர் நிறுத்தவில்லை, யாமும் நகரவில்லை. இரசாயனம் என்றால் குப்பிகளும் நாற்றமும் என்றே எண்ணியிருந்த எமக்கு, அன்று ஒரு துப்பறியும் கதை கேட்டாற்போன்ற இன்பம் உண்டாயிற்று.

இத்தனையும் கேட்டிருந்த யாம் எழுதிக் கொடுத்தது யாது? வெட்கத்தோடு கூறுகின்றோம். ஏழாம் வயதிற் பாட்டியின் வளைந்த முதுகைக் கண்டு கண்ணீர் உகுத்த சிறுவன், அன்றே இரசாயன நூல் வல்லவனாக உறுதி பூண்டதாகத் தொடங்கினோம். தாகம் தணிக்கும் நீரே நஞ்சானது எனவும், அறிவியல் விளக்கு இருள் கடிந்தது எனவும் அடுக்கினோம். இரண்டாம் பத்தியில் மூன்று உவமைகள். அவருடைய பாட்டியார் இன்றும் நிமிர்ந்து நடந்து களையெடுக்கப் போகின்றவர். யாம் அதனை அறிந்தே வளைத்தோம். படிகாரக் கதையைச் சேர்க்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "என் பிழையை நானே எழுதிக் கொடுப்பதா, தம்பி?" என்றார் அண்ணன். எமக்கும் அது சரியென்றே பட்டது. ஆய்வைப் பற்றி ஈற்றில் நான்கு வரி நின்றது. அவ்வரிகளில் எப்பிழையும் இல்லை, எக்கேள்வியும் இல்லை.

சனவரியில் ஓரிடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணினித் திரையில் இரண்டு பேராசிரியர். அவருள் அம்மையார் ஒருவர், பாட்டியாருக்கு எந்த வயதில் நோய் தொடங்கியது, இப்போது எந்த நீர் பருகுகின்றார், மருத்துவம் உண்டா என்று மிகவும் பரிவோடு வினவினாராம். அண்ணனார் பொய்க்குத் துணையாக மற்றொரு பொய்யும், அதற்குத் துணையாக வேறொன்றும் சொல்ல நேர்ந்தது. பின்னர், "உங்கள் அளவீடுகளில் நீங்கள் எதிர்பாராதது எது?" என்று மற்றவர் கேட்டபோது நா எழவில்லை. அதற்கு விடையாக ஒரு மணி நேரம் பேச வல்லவர் அவர்! இடம் கிடைக்காமற் போனதற்கு யாம் எழுதியதே காரணம் என்று துணிந்து கூற இயலாது. விண்ணப்பித்தோர் பலர், இடங்கள் சில. ஆயினும் அவர் எம்மிடம் வந்து, "அந்த அம்மையார் என் பாட்டிக்காக வருந்தினார், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது இன்றும் எம் செவியில் உள்ளது.

நிற்க. தன்னைத் தான் புகழலாகாது என்பது நம் இலக்கணத்திலேயே இடம்பெற்ற கொள்கை. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில், அரிய பொருள்களை விளக்கி நூல் செய்தவனே ஆயினும் தற்புகழ்ச்சி தகாது என்று விதித்து, அடுத்து நான்கிடங்களுக்கு விலக்குத் தருகின்றார். அரசனது அவைக்கு ஓலை விடுக்குங்கால் தகும். தன் ஆற்றலை அறியாதாரிடையே தகும். அவையில் வெல்லவேண்டிய பொழுதிலே தகும். மாற்றான் தன்னைப் பழித்தபோது தகும். முதலிரண்டும் நோக்கவுரை எழுதுவானுக்கு அப்படியே பொருந்துதல் காண்க. அவனும் காணாத அவைக்கு ஓலை விடுக்கின்றான். அவனும் தன்னை அறியாதார் முன்னிலையில் நிற்கின்றான். ஆகவே, "என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது?" என்று நாணி நகம் கடிக்கும் அண்ணன்மார் பவணந்தியார் தந்த உரிமையைத் தயங்காது கைக்கொள்க.

ஆனால் இவ்விடத்திலேயே யாம் வழுக்கினோம். அரசவைக்கு விடுக்கும் ஓலை என்றவுடன் எமக்கு நினைவு வந்தது சீட்டுக்கவி. அந்தகக்கவி வீரராகவ முதலியார் அதில் வல்லவர். பாரதியார் 1919இல் எட்டயபுரம் அரசருக்கு விடுத்ததும் அவ்வகையே. சீட்டுக்கவி புலவனது பெருமையை முழக்கிப் பரிசில் கேட்பது. அரசன் மகிழ்ந்தால் பொன் தருவான். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. பல்கலைக்கழகத் துறையின் தேர்வுக் குழுவினரோ பரிசில் தரும் மன்னரல்லர். தம் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாறாண்டு உடனிருந்து, கருவி பழுதானால் திருத்தி, கணக்குத் தவறினால் ஒப்புக்கொண்டு, விடை தெரியாத நாள்களில் மனமுடையாது உழைக்கும் ஒருவரைத் தேடுகின்றவர்கள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வகுப்பு நடத்தும் நாள்களுக்கிடையே படிப்பவர்கள். அவர்களுக்கு முழக்கத்தால் ஆவது யாது? தன் கரைசலிற் பிழை கண்டு எல்லாவற்றையும் மீண்டும் அளந்தவன் என்னும் ஒரு செய்தி, எம் உவமைகள் மூன்றினும் அவர்க்கு மிக்க பயன் தந்திருக்கும். அண்ணனார் மறைத்த பிழையே அவருடைய தகுதியாயிருந்தது.

இளமைக் கதையால் தொடங்கும் நோய் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிற் பல்கலைக்கழகச் சேர்க்கையை நடத்தும் யூகாஸ் நிறுவனம் 2007இல், இளங்கலை வகுப்புகளுக்கு வந்த 50,000 தன்கூற்றுக்களை ஒப்புநோக்கியது. அவற்றுள் 234 பேர், எட்டாம் வயதில் இரசாயன விளையாட்டுப் பெட்டியாற் பரிசோதனை செய்து தம் இரவு உடையைப் பொத்தலாக்கிக்கொண்ட ஒரே கதையை எழுதியிருந்தனராம்! நோயுற்ற தாத்தாவைக் காட்டியவர் 175 பேர். இணையத்திற் கிடந்த மாதிரி ஒன்றிலிருந்து எடுத்த தீப்பொறி அத்தனை ஆடைகளையும் எரித்தது. அந்நிறுவனமே கட்டற்ற தன்கூற்றைக் கைவிட்டு, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை தொடங்கி மூன்று வினாக்களுக்கு விடை எழுதுமாறு மாற்றிவிட்டது. எமது வளைந்த பாட்டியும் இப்படி எத்தனை விண்ணப்பங்களில் வளைந்து நிற்கின்றாரோ! திருச்சபையிற் சாட்சி கூறுவோரைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். தம் பழைய வாழ்வின் இருளை ஆண்டுக்காண்டு கருமையாக்கிக் கூறுவோரும் உளர், கேட்போர் முகம் பார்த்துத் தலையசைப்பர், நம்புவதில்லை.

துன்பத்தை எழுதவே கூடாது என்பது எம் கருத்தன்று. சென்னைத் துறைமுகக் கணக்கலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நோக்குக. அது நோக்கவுரை அன்று. அவர் கேட்டது பட்டமும் அன்று. ஆயினும் தன்னை அறியாதார்க்குத் தன்னைக் கூறிய எழுத்துள் அதனிற் சிறந்தது எமக்குத் தெரியாது. தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதும், ஓய்வு நேரத்திற் கணிதத்தில் உழைத்து வந்ததும் தொடக்கத்திற் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. உடனே கணிதம் தொடங்குகின்றது. தேற்றங்கள் பக்கம் பக்கமாகத் தொடர்கின்றன. தாம் வறியவர் என்பதை மற்றொருமுறை கூறுவது, இவற்றுள் மதிப்புடையது உண்டாயின் வெளியிட விரும்புகின்றேன் என்று உதவி கேட்குமிடத்தில். வறுமை அங்கே ஒரு காரணமாக நிற்கின்றதேயன்றி விலைப்பொருளாக நிற்கவில்லை. (தம் வயதை ஏறத்தாழ 23 என்று எழுதியிருந்தார், அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. கணித மேதையும் தன்னைப் பற்றிய கணக்கில் இடறுவது காண எமக்குச் சிறிது ஆறுதல்.) அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1916இல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் பெற்றார், முனைவர் பட்டத்துக்கு அங்கு முன்னோடியாக இருந்தது அதுவே.

ஈண்டு ஒரு தடை எழும். "இராமானுஜனிடம் தேற்றங்கள் இருந்தன, எங்களிடம் மதிப்பெண்ணும் மாதிரி உரையுமே உள்ளன" என்பர் அண்ணன்மார். அதனை யாம் எள்ளி ஒதுக்கோம். பெருநகரத்துப் பெருநிலையங்களிற் படிப்போர்க்கு அமெரிக்காவிற் பயின்று வந்த ஆசிரியர் உளர்; முன்சென்ற மாணவர் உளர்; எது எழுதத்தக்கது என்று அவர்கள் கேளாமலே கேட்டு வளர்கின்றனர். நம்போன்ற கல்லூரிகளில் அச்செய்தி காற்றில் மிதப்பதில்லை. ஆலோசனை நிலையத்தார் கேட்கும் தொகையைக் கொடுத்தோ, இணையத்தில் துழாவியோ பெறவேண்டியிருக்கின்றது. துழாவிக் கிடைப்பதிலும் ஒரு பொறி உண்டு. நம் மாணவர் கையிற் சுற்றும் மாதிரிகளுட் பல, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிலையம் 1952 முதல் வழங்கிவரும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அந்நாட்டு மாணவர் எழுதியவை. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிலையாகக் குடியேறியவர்க்குமே உரியது. அதன் மதிப்பீட்டில் அறிவுத்திறம் ஒன்று, சமுதாயத்துக்குப் பரந்த பயன் ஒன்று என இரண்டு அளவுகோல்கள் வெளிப்படையாக உண்டு. அதனால் அவர்கள் தம் ஊர்த்தொண்டையும் வாழ்க்கை வரலாற்றையும் விரித்தெழுதுகின்றனர். மூன்று பக்கம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அதைப் பார்த்து நம் அண்ணன்மார் இரண்டு பக்க நோக்கவுரையில் ஒன்றேகால் பக்கத்தைத் தொண்டுக்குத் தந்துவிட்டு, ஆய்வைக் காலிடத்தில் திணிக்கின்றனர். பிறர் அளவுக்குத் தைத்த சட்டை அது.

2022ஆம் ஆண்டின் இறுதி முதல், கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகளும் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. எம்மைப் போன்றோர்க்கு இனி வேலையில்லை என்பதில் வருத்தமில்லை. யாம் ஒரு பாட்டியைத்தான் வளைத்தோம். பொறி கேட்பவர்க்கெல்லாம் ஒரு பாட்டியை வளைத்துத் தரும். இலக்கணப் பிழை திருத்தவும், ஆங்கிலத்தைச் சீராக்கவும் ஆசிரியரையோ பொறியையோ நாடுவதில் எமக்குப் பெரிய மறுப்பில்லை, அப்பல்கலைக்கழகம் தடுத்திராதவரை. படிகாரத்தைப் பற்றிய செய்தி எந்தப் பொறியிடமும் இல்லை. அது அண்ணனாரின் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது. அதனை அவர் கொடாதபோது, எழுதுவது யாமாயினும் பொறியாயினும் கிடைப்பது உடை எரிந்த கதைதான்.

பெரியோர் பொறுப்பாராயின் மற்றொன்றும் கூறுவோம். நன்னூலார், தற்புகழ்ச்சியை விலக்கியதோடு அமையாது, புகழ்ந்து சிறப்புப்பாயிரம் சொல்லுதற்கு உரியவர் இன்னார் எனவும் வரையறுத்தார்: ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன். அமெரிக்கர் கேட்கும் பரிந்துரைக் கடிதம் இந்தச் சிறப்புப்பாயிரமே. இவன் கைநேர்மை உடையவன், பிழை கண்டால் மறைக்கமாட்டான் என்று ஆசிரியர் சொன்னால் அது சான்று. அவனே சொன்னால் வெறும் சொல். புகழும் பணியைப் பிறர் ஏற்றால்தான், மாணவன் தன் உரையிற் செய்ததையும் கேட்டதையும் மட்டும் அமைதியாகச் சொல்ல இடமுண்டாகும். ஆனால் கல்லூரிகள் பலவற்றிலும் நடப்பது யாது? "நீயே எழுதிக் கொண்டு வா, கையொப்பம் இடுகிறேன்" என்பதே பெருவழக்கு. நூல் செய்தவனே தன் நூலுக்குச் சிறப்புப்பாயிரமும் பாடிக்கொள்ளும் நிலை! ஆசிரியப் பெருமக்களின் வேலைச்சுமையை யாம் அறியாதவரல்லேம். ஆயினும் ஒரே கை எழுதிய நான்கு தாள்களை ஒருங்கு வைத்துப் படிப்போர்க்கு அது தெரியாமற் போகுமா? மாணவன் தன் புகழைத் தானே மூன்று பெயர்களில் எழுதிப் பழகிய பின்னர், நான்காவது தாளில் மட்டும் உண்மை எழுதுவான் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

எமக்குத் தோன்றும் வழி எளியது, பணம் வேண்டுவதன்று. ஆவணி புரட்டாசியிலேயே, விண்ணப்பிக்க விரும்பும் ஒவ்வொருவரையும் அவர் துறை ஆசிரியர் ஒருவரும், வேறு துறை மாணவர் ஒருவரும் ஒரு மணி நேரம் வினவட்டும். எது தவறிற்று? தவறு என்று எப்படித் தெரிந்தது? இப்போது எது தெரியவில்லை? விடையைத் தமிழிலேயே சொல்லட்டும்; சொன்னபடியே ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். தமிழிற் பொய் வராது என்பது எம் கருத்தன்று; எம்மைவிட அழகாகத் தமிழிற் பொய் எழுதியவர் அவ்வாண்டில் இவ்விடுதியில் இலர். ஆனால் உணவு வரிசையில் அண்ணனார் சொல்லிய கதையில் ஒரு உவமையும் இல்லை, ஒரு பொய்யும் இல்லை. யாம் மையைத் தொட்ட பின்னரே இரண்டும் புகுந்தன. வேறு துறை மாணவர் என்றதற்குக் காரணமுண்டு: படிகாரம் புளூரைடைப் பற்றும் என்பது இரசாயனத்தார்க்குச் செய்தியே அன்று; எமக்குத்தான் வாய் பிளந்தது.

"நான்" என்று எழுத நம்மவர்க்கு வரும் கூச்சத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். எம்மையே பாருங்கள்: ஒருவராயிருந்து கொண்டு, கட்டுரை முழுதும் "யாம்" என்று எழுதி அதன் பின்னே ஒளிந்து நிற்கின்றோம். இவ்விதழின் வழக்கம் என்று சாக்குச் சொல்லலாம். நோக்கவுரையில் அச்சாக்குச் செல்லாது. "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, அளவுகள் எடுக்கப்பட்டன" என்று எழுதினால், எடுத்தவர் யார் என்பதே படிப்பவர் கேள்வி. "நான் விட்டுவிட்டேன், நான் மீண்டும் அளந்தேன்" என்று எழுதும்போது முதுகு சிறிது கூசுகின்றது, கூசட்டும்.

அண்ணனார் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்துள்ளார். பகலில் ஒரு பள்ளியிற் பாடம் சொல்லிவிட்டு, இரவில் விடுதி நண்பர் அறையில் வந்து எழுதினார். இம்முறை எம்மிடம் எழுதித் தரக் கேட்கவில்லை. எழுதியதைப் படிக்கத்தான் கேட்டார். ஒரே கிணற்று நீர் இரண்டு வீடுகளில் இரண்டு அளவு காட்டிய செய்தியோடு உரை தொடங்குகின்றது. மூன்றாம் வரியில் தம் பிழை. வயிற்றின் அமிலத்தைப் பற்றிய கேள்வி முதற்பக்கத்தின் நடுவிலேயே வந்துவிடுகின்றது. அதனை ஆராய எந்தக் கருவியும் எவருடைய வழிகாட்டலும் வேண்டும் என்பது இரண்டாம் பக்கம். ஓரிடத்தில், குடத்தின் அடியிற் படிந்த வண்டலுக்கு எமக்கு ஒரு நல்ல உவமை தோன்றிற்று. சொல்லவில்லை.

பாட்டியார் எங்கும் இல்லை. ஆனால் ஈற்றயற் பத்தியில், யாம் எதிர்பாராத ஒரு வரி இருந்தது. தம் பற்களிலும் கறை உண்டு என்றும், இவ்வாய்வைத் தாம் தெரிந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் எழுதியிருந்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வதை மூன்றாண்டாகப் பார்த்திருந்தும், ஏன் என்று யாம் ஒருநாளும் கேட்டதில்லை. "இந்த வரி இருக்கலாமா, தம்பி?" என்று வினவினார். "உங்கள் விருப்பம், அண்ணா" என்றோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு அதனை அப்படியே விட்டார். உதவித்தொகையோடு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் மாணவர் மறுமொழிக்கு ஏப்ரல் 15 வரை காலம் தருவது அந்நாட்டு வழக்கம். இதழாசிரியர் எம் கட்டுரையைக் கேட்டு வாங்கிய இன்றைய நாள் வரையில் அண்ணனாருக்கு ஓரிடத்திலிருந்தும் செய்தி வரவில்லை.